கடன் வாங்கி கேக் வெட்ட வேண்டுமா?

பெங்களூர் பீனியா தொழிற்பேட்டையில் ஒரு தனியார் கம்பெனியில் நான் குமாஸ்தாவாக இருக்கிறேன். தொழிலாளர்களின் வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல், முன்பணம் ஆகியவற்றைக் கவனிப்பது என் வேலை. யாருக்காவது சம்பளத் தேதிக்கு முன்பே பணம் தேவைப்பட்டால், ஒரு தாளில் காரணத்தை எழுதி என்னிடம் கொடுப்பார்கள். நான் அதை மேனேஜர் மேஜைக்குக் கொண்டு போவேன்.

20 வருடங்களாக இந்தத் தாள்களைப் படித்து வருகிறேன். முன்பெல்லாம் காரணங்கள் நாலைந்துதான் இருக்கும். ஊரில் சாவு, மனைவிக்குப் பிரசவம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடக் கட்டணம், தங்கை கல்யாணம், வீட்டு அட்வான்ஸ். இவற்றில் எதையும் தள்ளிப்போட முடியாது. ஆனால் சில வருடங்களாகப் புதிய காரணம் ஒன்று இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அதுதான் குழந்தையின் பிறந்தநாள்!

தர்மபுரி பக்கத்தைச் சேர்ந்த தொழிலாளி ஒருவர், லேத் பிரிவில் வேலை செய்பவர், தம் மகனின் முதல் பிறந்தநாளுக்காக ரூ.8 ஆயிரம் முன்பணம் கேட்டார். ஏற்கனவே வீட்டு அட்வான்சுக்காக வாங்கிய பணம் பாக்கி இருந்தது. மேனேஜர் மறுத்துவிட்டார். தொழிலாளி வெளியே போய் பத்து வட்டிக்கு வாங்கினார். சிங்க முகத்தில் 3 கிலோ கேக் வந்தது. வாசலில் பலூன் தோரணம் கட்டினார்கள். 40 பேருக்கு பிரியாணி போட்டார்கள். நானும் போய் 100 ரூபாய் மொய் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பத்து வட்டி என்றால் என்ன என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 8 ஆயிரத்துக்கு மாதம் 800 ரூபாய் வட்டி. 5 மாதத்தில் வட்டி மட்டும் 4 ஆயிரம் கட்டினார். அசல் அப்படியே நின்றது. அசலை அடைப்பதற்காக ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை கையெழுத்துப் போட வந்தவர் என் மேஜை அருகே நின்றார். "பையன் நடக்க ஆரம்பிச்சுட்டான் சார்" என்றார். சந்தோஷம் என்று சொன்னேன். "நேத்துதான் முதல் அடி வச்சானாம். நான் இங்க இருந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மகனின் பிறந்தநாளுக்காக வாங்கிய கடன், மகன் நடந்ததைப் பார்க்க விடாமல் செய்துவிட்டது. இதை யோசிக்க யோசிக்க எனக்கு மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கேக் வேண்டாம் என்று சொல்லவில்லை

"கேக் வெட்டுவது நம் வழக்கமா? வெள்ளைக்காரன் விட்டுச் சென்ற பழக்கம்தானே? நட்சத்திரம் பார்த்து, தலைக்கு ஊற்றி, கோயிலில் அர்ச்சனை செய்து, பாயசம் வைத்தால் போதாதா?" என்று பெரியவர்கள் கேட்பது உண்டு. என் தாயாரும் இதைத்தான் கேட்டார்.

நான் அந்தக் கட்சி இல்லை. கேக் இந்த மண்ணுக்கு வந்து தலைமுறைகள் பல ஆகிவிட்டன. கேரளத்தில் தலச்சேரியைச் சேர்ந்த மாம்பள்ளி பாபு, 1883-ஆம் ஆண்டு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி ஒருவர் கொண்டுவந்து காட்டிய கேக்கைப் பார்த்து, அதே போலத் தாமும் செய்து காட்டினார் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள். நாம் வாழும் இந்தப் பெங்களூரில், ஹாசன் பகுதியிலிருந்து வந்த திருமலாச்சார் 1898-ல் சிக்பேட்டையில் தொடங்கிய கடைதான் இன்று தெருவுக்குத் தெரு காணப்படும் ஐயங்கார் பேக்கரிகளுக்கு முன்னோடி. முட்டை சேர்க்காத கேக்கை ஏழை எளியவர்களும் வாங்கும் விலையில் கொடுத்தவர்கள் இவர்கள்.

பிரிகேட் சாலையில் பெயர் பெற்ற நீலகிரீஸ் கடையின் வரலாறும் நம்மவர் வரலாறுதான். அதன் மூலவரான முத்துசாமி முதலியார், மலை மேலிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கோவையிலிருந்து தபால் சுமந்து சென்றவர். 1905-ல் நீலகிரியில் வெண்ணெய் வியாபாரம் தொடங்கினார். 1936-ல் அந்தக் குடும்பத்தின் கடை பெங்களூருக்கு வந்தது. தபால் சுமந்த ஒரு தமிழரின் குடும்பம் இந்த நகரத்துக்கு வெண்ணெயும் கேக்கும் விற்றது என்றால், கேக்கை நாம் அன்னியப் பண்டம் என்று ஒதுக்குவது எப்படி?

மிருக உருவத்தில் பண்டம் செய்வதும் புதிதல்ல. சங்கராந்தி வந்தால் கன்னடக் குடும்பங்களில் எள், வெல்லத்தோடு சக்கரை அச்சு கொடுப்பார்கள். மர அச்சில் பாகை ஊற்றி யானை, மீன், கிளி என்று வார்த்து எடுப்பார்கள். நம் ஊரிலும், மூங்கில் கழியின் உச்சியில் பொம்மையைக் கட்டிக்கொண்டு ஜவ்வு மிட்டாய்க்காரர் வருவாரே! இழுத்து இழுத்து மயில் செய்வார், தேள் செய்வார், கையில் கடிகாரம் கட்டிவிடுவார். அதைத் தின்ன மனம் வராமல் கையிலேயே வைத்திருந்து, உருகி ஒழுகிய பிறகு அழுத அனுபவம் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது!

ஆகவே குழந்தை யானை கேக் கேட்பது தவறு இல்லை. அந்த யானையை எங்கிருந்து கொண்டு வருவது என்பதில்தான் நாம் தவறிப் போகிறோம்.

உருவத்துக்குத்தான் விலை

சென்ற மார்கழியில் என் மகளுக்கு 7 வயது நிறைந்தது. தன்னோடு படிக்கும் ஒரு பெண்ணின் வீட்டில் மிருக உருவத்தில் கேக் வெட்டியதைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "எனக்கு யானை வேணும்ப்பா" என்றாள். சரி என்று ஒரு பேக்கரியில் போய் விசாரித்தேன். யானை முகம், 2 கிலோ, 2 ஆயிரத்து 400 ரூபாய் என்றார்கள். அதே கடையில் எந்த உருவமும் இல்லாத சாதா கேக் கிலோ என்ன விலை என்று கேட்டேன். அதில் பாதி கூட இல்லை.

அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. மாவுக்கும் சர்க்கரைக்கும் விலை குறைவு. உருவத்துக்குத்தான் விலை. உருவம் என்றால் என்ன? ஒருவர் உட்கார்ந்து, பொறுமையாக வெட்டி, ஒட்டி, பூசிக் கொடுக்கும் உழைப்பு. அந்தத் தொழிலாளி தன் உழைப்புக்குக் கூலி கேட்பதில் தவறே இல்லை. ஆனால் உழைப்பு நம்மிடமும் இருக்கிறது. பணம்தான் இல்லை! இருப்பதைக் கொடுக்காமல், இல்லாததைக் கடன் வாங்கிக் கொடுப்பானேன்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை செய்கிறாள். மாலை 6 மணிக்கு மேல்தான் வீடு திரும்புவாள். "அதுக்கும் நான்தான் நிக்கணுமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. "நீ பக்கத்தில் இருந்து சொல், நான் செய்கிறேன்" என்றேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. எனக்கும்தான்!

பழைய குக்கரே போதும்

கேக் செய்ய அவன் அடுப்பு வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டியதில்லை. அடி கனமான பழைய பாத்திரம் ஒன்றும், அதற்குப் பொருத்தமான மூடியும் போதும். பழைய குக்கராக இருந்தால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் ஒரு அங்குல உயரத்துக்கு உப்பு அல்லது சலித்த மணல் பரப்பி, அதன் மேல் ஒரு வளையத்தை வைத்து, மூடி, பத்து நிமிடம் சூடாக்கினால் அதுவே அவன் ஆகிவிடும். தினமும் சோறு வைக்கும் நல்ல குக்கரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். வெறும் சூட்டில் பாத்திரம் கெட்டுப்போகும்.

எங்கள் மாடியில் முட்டை சாப்பிடாத குடும்பங்கள் இருப்பதால் முட்டை சேர்க்கவில்லை. ஒரு வட்டக் கேக்குக்குக் கணக்கு இது: மைதா ஒன்றரை கப், பொடித்த சர்க்கரை முக்கால் கப், கெட்டித் தயிர் ஒரு கப், வாசனையில்லாத எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், சமையல் சோடா அரை டீஸ்பூன், ஏலக்காய்ப் பொடி கொஞ்சம். தயிரில் சர்க்கரையைக் கரைத்து, பேக்கிங் பவுடரையும் சோடாவையும் போட்டு 5 நிமிடம் விட்டால் நுரைத்து வரும். பிறகு எண்ணெய். அதன் பிறகு சலித்த மைதாவை மூன்று தடவையாகச் சேர்த்து, கட்டி இல்லாமல் கலந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். அடித்துக்கொண்டே இருந்தால் கேக் ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

எண்ணெய் தடவி மாவு தூவிய 8 அங்குலத் தட்டில் ஊற்றி, சிறு தீயில் 40 முதல் 50 நிமிடம் வைக்க வேண்டும். அரை மணி நேரம் வரை மூடியைத் திறக்கவே கூடாது. ஒரு ஈர்க்குச்சியை நடுவில் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. யானைக்கு இப்படி இரண்டு வட்டம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே சமயத்தில் மாவு கலக்கி வைத்துவிடக் கூடாது. காத்திருக்கும் மாவில் சோடாவின் வேகம் போய்விடும். முதல் கேக் வெந்த பிறகே இரண்டாவதைக் கலக்க வேண்டும்.

இந்த பேக்கிங் பவுடருக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்தில் ஆல்பிரட் பேர்ட் என்று ஒரு மருந்து வியாபாரி இருந்தார். அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாது. ஈஸ்ட் இல்லாமல் ரொட்டி உப்ப வேண்டுமே என்று பல விதமாக முயன்று, 1843-ல் பேக்கிங் பவுடர் தயாரித்தார். முட்டையும் அந்த அம்மாளுக்கு ஆகாது. அதற்காக முட்டையில்லாத கஸ்டர்டு பொடியை அதற்கு முன்பே செய்திருந்தார். வீட்டில் உள்ள ஒருவருக்காகச் சமையலறையில் ஒரு கணவன் பட்ட பாடு, இன்று உலகத்துக்கே பயன்படுகிறது. ஆண் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்கலாம்.

யானை உருவான விதம்

கேக்கை முதல் நாள் இரவே சுட்டு வைத்துவிட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உதிர்ந்துவிடும். மறுநாள் ஒரு வட்டத்தை அப்படியே முகமாக வைத்தேன். இன்னொரு வட்டத்தை மேலிருந்து கீழாக இரண்டு வெட்டு வெட்டினால் மூன்று துண்டு கிடைக்கும். ஓரத்துத் துண்டுகள் இரண்டும் காதுகள். அவற்றின் நேர் விளிம்பை லேசாகக் குழித்தால் முகத்தோடு பொருந்தும். நடுத் துண்டு தும்பிக்கை. சீவி எடுத்த தூளை வெண்ணெயில் பிசைந்து நெற்றி மேட்டை உருட்டி வைத்தேன்.

மேல் பூச்சுக்கு 100 கிராம் வெண்ணெயை நன்றாகக் குழைத்து, மாவாகப் பொடித்துச் சலித்த சர்க்கரை 200 கிராம், கோகோ பொடி இரண்டு மேஜைக்கரண்டி, பால் ஒரு கரண்டி சேர்த்து அடித்தேன். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு பூசி உதிரும் தூளை அடக்கிவிட்டு, அரை மணி கழித்து இரண்டாவது பூச்சு. மார்கழிக் குளிரில் வெண்ணெய் உருகாமல் நின்றது. சித்திரையில் சென்னையில் இதைச் செய்தால் யானை குளத்தில் இறங்கிவிடும்!

"யானை கறுப்பாத்தானே இருக்கும்? இது ஏன் காப்பி கலரா இருக்கு?" என்று மகள் கேட்டாள். யானை உடம்பெல்லாம் மண்ணை வாரிப் பூசிக்கொள்ளும், அதுதான் இந்த நிறம் என்றேன். ஒப்புக்கொண்டாள். கண்ணுக்கு இரண்டு உலர்ந்த திராட்சை வைத்தோம். முழு முந்திரியைத் தந்தமாக வைக்கப் போனேன். தடுத்துவிட்டாள். "இது அம்மா யானை. பொம்பளை யானைக்குத் தந்தம் வெளியே தெரியாதுன்னு எங்க டீச்சர் சொன்னாங்க" என்றாள். இந்தியாவிலேயே காட்டு யானைகள் அதிகமாக வாழும் மாநிலம் கர்நாடகம். இங்கே வளரும் குழந்தைக்கு அப்பனை விட அதிகம் தெரிந்திருப்பதில் ஆச்சரியம் இல்லை.

தும்பிக்கையை எடுத்து வைக்கும்போது இரண்டாக உடைந்துபோனது. எனக்கு வியர்த்துவிட்டது. மகள்தான் விரலால் வெண்ணெய்ப் பூச்சை எடுத்து உடைந்த இடத்தில் அப்பி, கொஞ்சம் வளைத்து ஒட்டினாள். அன்று மாலை வந்த ஒவ்வொருவரிடமும் அவள் சொன்னது ஒன்றுதான். "தும்பிக்கை நான் ஒட்டினது!"

2 ஆயிரத்து 400 ரூபாய் கொடுத்து வாங்கிய யானையில் குழந்தை இப்படிச் சொல்லிக்கொள்ள ஓர் இடமும் இருந்திருக்காது. எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, முந்திரி திராட்சை உட்பட, 300 ரூபாய்க்குள்.

வெட்ட மாட்டேன் என்றாள்

மாலையில் விருந்தினர் வந்தார்கள். பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாள், கீழ் வீட்டில் உருது பேசும் தையல்காரரின் மூன்று பிள்ளைகள், எதிர் வீட்டு ஆந்திராக்காரர் குடும்பம், கோலார் தங்கவயல் ரெயிலில் தினமும் வந்து போகும் என் அலுவலக நண்பர் ஒருவர். தங்கவயலில் 2001-ல் சுரங்கத்தை மூடிய பிறகு, விடியற்காலையில் ரெயில் ஏறி இங்கே வேலைக்கு வந்து இரவில் திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். அன்று ஒரு நாள் அடுத்த ரெயிலில் போகலாம் என்று தங்கினார்.

மெழுகுவர்த்தி விஷயத்தில் என் தாயார் விடவில்லை. விளக்கை ஊதி அணைப்பது வீட்டுக்கு ஆகாது என்றார். ஜெர்மனி தேசத்தில் 18-ஆம் நூற்றாண்டிலிருந்தே பிறந்தநாள் கேக்கில் வயதுக்கு ஏற்ப மெழுகுவர்த்தி வைக்கும் வழக்கம் உண்டு என்று நான் படித்ததைச் சொல்லிப் பார்த்தேன். "அது அவங்க ஊர்லப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். கடைசியில் 7 அகல் விளக்குகளை யானையைச் சுற்றி வைத்துக் குழந்தையே ஏற்றினாள். யாரும் ஊதவில்லை. பாயசமும் இருந்தது. இருவருக்கும் திருப்தி.

ஆனால் கத்தியைக் கையில் கொடுத்ததும் குழந்தை அப்படியே நின்றுவிட்டாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அம்மா யானையை வெட்ட மாட்டேன்" என்றாள். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. வந்த பிள்ளைகள் தட்டோடு காத்திருக்கிறார்கள். என்ன செய்வது? அதட்டினால் நல்ல நாளில் அழுவாள்.

கன்னட அம்மாள்தான் அருகில் வந்து உட்கார்ந்தார். சங்கராந்திக்குத் தம் வீட்டில் கொடுத்த சக்கரை யானையை என்ன செய்தாய் என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றாள். "அதுவும் யானைதானே? எதற்குச் செய்து கொடுக்கிறோம்? பகிர்ந்து சாப்பிடத்தானே?" என்று கன்னடத்தில் சொன்னார். குழந்தை யோசித்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காதைக் கையாலேயே பிய்த்து, தையல்காரரின் கடைசிப் பிள்ளைக்கு முதலில் கொடுத்தாள். காதுகள் போயின. தும்பிக்கை போயிற்று. முகத்தை மட்டும் யாரும் தொடக் கூடாது என்றாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, அவளே பாதியை வெட்டி டப்பாவில் எடுத்துக்கொண்டு போனாள்.

மிருக கேக் செய்கிறவர்களுக்கு இதனால் ஒரு யோசனை சொல்வேன். மிச்சமாகும் துண்டுகளை எறியாமல் யானையைச் சுற்றிப் புல் தரையாகவோ பாறையாகவோ அடுக்கி வையுங்கள். வெட்ட மனம் வராத குழந்தை அதை முதலில் வெட்டட்டும்.

வண்ணத்தில் எச்சரிக்கை

வீட்டில் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு. துணிக்குப் போடும் ரோடமின்-பி என்ற சாயத்தைப் பஞ்சு மிட்டாயில் கலந்ததைக் கண்டுபிடித்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. அடுத்த மாதமே கர்நாடக அரசு வண்ணப் பஞ்சு மிட்டாய்க்கும், கோபி மஞ்சூரியனில் செயற்கை வண்ணம் சேர்ப்பதற்கும் தடை போட்டது. அதே ஆண்டில் கர்நாடக உணவுப் பாதுகாப்புத் துறை சோதித்த 235 கேக் மாதிரிகளில் 12 பாதுகாப்பற்றவை என்று தெரிய வந்தது. மீதி 223 நல்லவை என்பதையும் சொல்ல வேண்டும். பேக்கரிக்காரர்கள் எல்லோரையும் குறை சொல்வது நியாயம் ஆகாது. ஆனாலும் குழந்தை கண்ணைப் பறிக்கும் சிவப்பையும் பச்சையையும் காட்டிக் கேட்கும்போது, அந்த 12 நம் நினைவுக்கு வர வேண்டும். பீட்ரூட் சாறு ரோஜா நிறம் தரும். ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டால் சிங்கத்தின் நிறம். பசலைக்கீரைச் சாறு கிளிப் பச்சை. சேர்ப்பது கொஞ்சம் என்பதால் ருசி கெடாது.

நேரம் எங்கே?

"எல்லாம் சரி. காலை ஷிப்டும் இரவு ஷிப்டுமாக ஓடுகிற எங்களுக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று சிலர் கேட்கலாம். இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. ஒரே அறையில் ஐந்து பேர் இருந்துகொண்டு ஒற்றை அடுப்பில் சமைக்கிறவர்களிடம், 50 நிமிடம் கேக்குக்கு அடுப்பை விடு என்று சொல்ல முடியாது.

அவர்களுக்கும் வழி இருக்கிறது. பக்கத்துப் பேக்கரியில் சாதா வட்டக் கேக் இரண்டு வாங்குங்கள். வெட்டுவதையும் ஒட்டுவதையும் மட்டும் குழந்தையை அருகில் வைத்துக்கொண்டு நீங்கள் செய்யுங்கள். ஒரு மணி நேரம் போதும். அதுவும் கஷ்டம் என்றால் ஆமை செய்யலாம். கிண்ணத்தில் வெந்த கேக்கைக் கவிழ்த்தால் ஓடு. அதே மாவை இட்லித் தட்டின் நாலைந்து குழிகளில் ஊற்றி எடுத்தால் காலும் தலையும். வெட்டும் வேலையே இல்லை.

ஆனால் ஒன்று. நேரம் இல்லை என்று சொல்கிற நாம், கடனை அடைக்க மாதக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்கிறோமே, அது நேரம் இல்லையா? ஒரு இரவைக் குழந்தைக்குக் கொடுக்க மறுத்துவிட்டு, இருபது ஞாயிற்றுக்கிழமைகளை வட்டிக்காரனுக்குக் கொடுப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இதில் பெண்களின் பாட்டையும் மறக்கக் கூடாது. பகலெல்லாம் தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து வருகிறவள் தலையில், வீட்டிலேயே கேக் செய் என்று புதிய சுமையை ஏற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. பெரிய அடுக்குமாடி வீடுகளில் பிறந்தநாள் பாத்திரங்களைத் துலக்கிவிட்டு, தன் குழந்தைக்கு ஒன்றும் இல்லாமல் திரும்பி வரும் தாய்மார்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இந்த வேலையைத் தகப்பன்மார்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே என் கருத்து. லேத்தில் இரும்பை நூல் பிசகாமல் கடைகிற கைக்கு ஒரு யானையின் காதை வெட்டத் தெரியாதா?

ஊரை விட்டு வந்தவர்கள் நாம்

சொந்த ஊரில் என்றால் குழந்தையைச் சுற்றிப் பாட்டி, அத்தை, மாமன் என்று எத்தனையோ பேர். பிறந்தநாளுக்கு யாராவது ஒருவர் முறுக்கு கொண்டு வருவார், ஒருவர் சட்டை எடுத்துக் கொடுப்பார். வெளி மாநிலத்தில் வாடகை வீட்டில் வளரும் நம் குழந்தைக்கு அந்தக் கூட்டம் இல்லை. அந்தக் குறையை ஈடு செய்யத்தான் பெரிய கேக்கும் பலூனும் வாங்கி வைக்கிறோமோ என்று எனக்குச் சந்தேகம். ஆனால் எங்கள் வீட்டில் அன்று அந்தக் குறையைத் தீர்த்தது கேக்கின் அளவு அல்ல. அழுத குழந்தையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்த கன்னட அம்மாள்தான். அவரை அழைக்க 300 ரூபாய் கேக் போதுமானதாக இருந்தது.

லேத் பிரிவு நண்பருக்கு இன்னும் கடன் முழுவதும் அடையவில்லை. மகனுக்கு இரண்டாவது பிறந்தநாள் வருகிறது. போன வாரம் என் மேஜைக்கு வந்தார். முன்பணத் தாள் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். "சார், அந்த ஆமைக்கு எத்தனை கப் மாவு?" என்று கேட்டார். முன்பணத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பிறந்தநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வருகிறது. அன்றைய ஓவர்டைம் பட்டியலில் அவர் பெயரை நான் எழுதவில்லை. அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.